கிணறிறைப்பும் கூலி முறையும்

வெள்ளமோ கடற்கோளோ வந்து போனபின் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் கூலிப் பூசல் எழுதல் இயல்பு. கிணறு இறைத்தவர் முறைக்கு இவ்வளவென்று கேட்பர். வீட்டுக்காரரோ நீர் இன்னும் கரிக்கின்றதென்று கொடுக்க மறுப்பர். குற்றம் ஆள்களிடத்தன்று, அளவையிடத்தே உள்ளது. எழுவான்கரை மணலின் அடியில் நன்னீர், உவர்நீரின்மேல் படலமாய் மிதக்கின்றது. மிகுதியாக இறைத்தால் அடியுவர் மேலேறும். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின்பின் பன்முறை இறைத்த கிணறுகள் சில இவ்வாறே மேலும் உவர்த்தன. அவ்வுவரைக் கழுவியது பெரும்பாலும் மாரிமழையே. அங்ஙனமாக, இறைத்த முறையை எண்ணிக் கூலி கொடுப்பது கேட்டிற்கு விலை கொடுப்பதன்றோ? (முறை என்னுஞ் சொல் தடவையையும் நீதியையும் குறிக்கும், இக்கணக்கில் முன்னதே எஞ்சியது.) "பார்த்துத் தாருங்கள்" என்று இறங்கும் வழக்கமும் வேண்டா. சேறு வாருதல், சுவர் கழுவுதல், குளோரின் இடுதல் ஒவ்வொன்றுக்கும் உரிய தொகையை வாளி இறங்குமுன்பே எழுதிக்கொள்க. எழுத இயலாதார்க்கு நம் பள்ளி மாணவர் எழுதிக் கொடுக்கலாமே.