அழிந்தது அட்டவணைதான்

1999 ஏப்ரல் 26. இந்தியா, துருக்கி, தென் கொரியா என்று பல நாடுகளில் கம்ப்யூட்டர்கள் உயிர்பெற மறுத்தன. தைவானில் பிறந்த சிஐஹெச் வைரஸ், ஹார்டு டிஸ்க்கின் முதல் 1 மெகாபைட்டைத் துடைத்திருந்தது. டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணையும் அதோடு போனது. ஆனால், கோப்புகள் இருக்குமிடத்தைக் குறித்துவைக்கும் 'ஃபேட்' பட்டியலின் இரண்டாவது பிரதி, பெரிய டிஸ்க்குகளில் பெரும்பாலும் தப்பியிருந்தது. அதைக் கொண்டே தகவல்களை மீட்கும் 'எம்ரெகவர்' புரோகிராமை எழுதினார் வங்கதேச மாணவர் மோனிருல் இஸ்லாம் ஷரீஃப். இலவசமாகவே கொடுத்தார். அதற்குள் 'எல்லாம் போச்சு' என்று ஃபார்மட் செய்து, புதிதாக எழுதியவர்களுக்குத்தான் நிஜமான இழப்பு. இன்றும் அட்டவணை கெட்டால் டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது. முதலில் அதை அப்படியே நகலெடுத்து, மீட்பு முயற்சியை நகலில் செய்வதே புத்திசாலித்தனம்.