தலைமையும் அணிவகுப்பும்

2011ஆம் ஆண்டு மே மாதத்தில், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவரை மூன்று வாரம் படைமுகாம்களில் தங்கவைத்து, அதற்குத் தலைமைத்துவப் பயிற்சி என்று பெயரும் சூட்டினர் அன்றைய ஆட்சியாளர். யுத்தம் ஓய்ந்து ஈராண்டே கழிந்திருந்தது. முள்வேலியையும் சோதனைச் சாவடியையும் கண்டே வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் அந்த அழைப்பு வந்தது. விடியுமுன் எழு, வரிசையில் நில், சொன்னதைச் செய்! பணியப் பழக்குவதற்குத் தலைமை என்று பெயரிட ஒரு துணிச்சல் வேண்டும்.

"இளைஞருக்கு ஒழுங்கு வேண்டாமா?" என்று கேட்போர் நம்மவரிலும் உளர். வேண்டும்தான். ஆயின் 1924இல் இக்குடாநாட்டில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசை அமைத்தவர்களுக்கு அணிவகுப்புக் கற்பித்தவர் யார்? அதன் முன்னோடி ஹண்டி பேரின்பநாயகத்துக்கு அப்போது வயது இருபத்தைந்து. தீண்டாமையை அவர்கள் கண்டித்தது அந்நியனுக்கு எதிராக மட்டுமன்று. சொந்த வீட்டுத் திண்ணைக்கும் எதிராக. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்தனர். 1931இல், டொனமூர் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லையென்று அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தனர். குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அம்முடிவு பிழையென்றே நான் கருதுகிறேன். பிழையாயினும் அது அவர்களே ஆராய்ந்து எடுத்த முடிவு; அதன் விலையையும் அவர்களே கொடுத்தனர்.

அன்று அவர்கள் எதிர்த்த சாதியும் சீதனமும் இன்னும் நம் முற்றத்திலேயே கிடக்கின்றன. தலைமை பழக்குவதாகச் சொல்லும் எந்த முகாமின் நேரசூசியில் அவற்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்?