சங்ககிரியில் ஆவி தேடுவோர்க்கு

ராஜஸ்தானின் பான்கர் கோட்டையில், அந்திக்குப் பின் நுழையக் கூடாதென்று தொல்லியல் துறை பலகை வைத்திருக்கிறது. பேய் உண்டென்பதற்கு அரசே தந்த சான்றாக அதைக் கொள்வோர் பலர். பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பொதுவாகக் காலை முதல் மாலை வரையே திறந்திருக்கும் என்பது 1959ஆம் ஆண்டு விதி. நமது சங்ககிரிக் கோட்டையும் அத்துறையின் காவலில்தான் உள்ளது.

பழைய கோட்டைகளில் இரவெல்லாம் மின்காந்தமானியை ஏந்தி ஆவி தேடுவோரைக் காணொளிகளில் காண்கிறோம். அக்கருவி மின்கம்பிக்கும் கைப்பேசிக்கும் துடிக்கும். இறந்தவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். ஆடிப் பதினெட்டன்று மாலையிட்டுத் திரும்பும் நாம், மற்ற நாள்களில் அம்மலையை மறந்துவிடுகிறோம். வரலாறு மறந்த இடத்தில் பேய்க்கதை குடியேறுகிறது. பழி தேடுவோரை மட்டும் சாராது. நமக்கும் அதில் பங்குண்டு.

போரில் மாண்டவனுக்குக் கல் நட்டு, பெயர் பொறித்து, படையலிட்டு வாழ்த்தியது நம் மரபு. அதற்கென ஆறு நிலைகளையே வகுத்துச் சொல்கிறது தொல்காப்பியம். மாண்டவரோடு உறவாட நாம் அறிந்த வழி அதுவே.

ஆகவே பகலில் மலையேறுவோம். வாயில்களையும் மதில்களையும் பார்த்துக் குறித்து வருவோம். அடிவாரத்துப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வைப்போம்.