பரணில் கிடந்த சல்லடை வளையம்

திருவருகைக் காலம் நெருங்கும்போதே கடைவீதிகளில் தெர்மோகோல் பனியும் மினுங்கும் தாள்களும் குவியத் தொடங்கிவிடுகின்றன. பணப்பையைத் திறப்பதற்கு முன் ஒருமுறை பரணில் ஏறிப் பார்க்குமாறு நம் இல்லத்தரசியரை வேண்டுகிறோம்.

ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு திரிகள் ஏற்றும் திருவருகை வளையமே பழம்பொருளில் பிறந்ததுதான். ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கென 1833இல் இல்லம் தொடங்கியவர் லூத்தரன் சபைப் போதகர் விகெர்ன். கிறிஸ்து பிறப்பு விழா எப்போது வரும் என்று நாள்தோறும் கேட்டுத் துளைத்த பிள்ளைகளுக்காக, 1839இல் அவர் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றை எடுத்து, வார நாள்களுக்குச் சிறு சிவப்புத் திரிகளையும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளைத் திரிகளையும் அதில் பொருத்தினார். பிள்ளைகள் திரிகளைப் பார்த்தே நாளை எண்ணிக்கொண்டனர். பசுந்தழை சுற்றும் வழக்கம் பிற்பாடு வந்தது. கத்தோலிக்கர் அதனை ஏற்றுக்கொண்டது இருபதாம் நூற்றாண்டில்தான்.

நமக்கு வண்டிச் சக்கரம் வேண்டியதில்லை. வலை கிழிந்த மாவுச் சல்லடையின் மர வளையம் போதும். அதன்மேல் சணற்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஒரு தாம்பாளத்தில் வைத்து, உள்ளே மணல் நிரப்பி, நான்கு அகல்களைப் பதித்துவிட்டால் திரிகள் சாயாமல் நிற்கும். மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிற்றுக்குரியது. வளையத்தின் வெளிப்புறத்தில் மட்டும் சவுக்குத் தழையைச் செருகலாம். காய்ந்த தழையும் சணலும் எளிதில் தீப்பற்றும்; ஆகையால் தழையை அடிக்கடி மாற்றுவதும், சுடர் எட்டாதவாறு பார்த்துக்கொள்வதும், திரி எரியும்போது அறையை விட்டு அகலாமலிருப்பதும் அவசியம். தேங்காய்ச் சிரட்டையில் திரி வைப்போரைக் கண்டிருக்கிறோம்; சிரட்டை நல்ல விறகு என்பதை அவர்கள் மறந்துவிட்டனர் போலும்! அதில் மண்ணிட்டு, இரவு ஊறவைத்த கேழ்வரகைத் தூவுங்கள். விழாவுக்குப் பத்து நாள் முன் விதைத்தால் குடிலுக்குப் பசும்புல் தயார்.

இவ்வளவு கூறும் நாமே சில ஆண்டுகளுக்கு முன் பெரும் பிழையொன்று செய்தோம். மூலையில் கறுத்துக் கிடந்த பித்தளைச் செம்பொன்றுக்கு வெள்ளி நிற எனாமல் பூசி, உலர்ந்த நாணற்பூக்களைச் செருகிக் கூடத்தில் வைத்தோம். வந்தவரெல்லாம் மெச்சினர். மாமியார் மட்டும் ஒன்றும் பேசவில்லை. அது அவருடைய தாய்வீட்டுச் சீர் என்பது பின்னரே தெரிந்தது. பதறிப்போய் உப்புத்தாளால் தேய்த்தோம். வர்ணத்தோடு, கழுத்தில் வெட்டியிருந்த அவர் தாயாரின் பெயரும் தேய்ந்துபோயிற்று. "போகட்டும், விடம்மா" என்றார். அன்றிரவு அவர் சரியாக உண்ணவில்லை.

அதுமுதல் நம் வீட்டில் எப்பழம்பொருளைத் தொடுவதாயினும் முதலில் அவரைக் கேட்கிறோம். இரும்பும் மரமும் மண்ணும் உடைந்து பயனற்றுப் போனவையாயின் எடுத்துக்கொள்கிறோம். பெயர் வெட்டிய பாத்திரங்களைப் புளியிட்டுத் துலக்கி அப்படியே வைக்கிறோம். துலக்கிய பித்தளைக்கு வேறு அலங்காரம் எதற்கு?

சல்லடை வளையத்தைப் பரணிலிருந்து தேடித் தந்தவர் மாமியாரே. கேழ்வரகு விதைக்கும் பொறுப்பையும் தாமே ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார். நாம் விதைத்தால் நெருக்கமாக விழுந்து அழுகிவிடுகிறதாம்.