கோயில் சட்டையோடு பீர் கடைக்கா? தொண்டர்கள் சார்பில் நாலு வார்த்தை



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. படிச்சு முடிச்சதும் எங்களைத் திட்டணும்னு தோணினா திட்டுங்க, பரவாயில்லை.

தைப்பூசம் முடிந்த மறுவாரம் ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நம்ம கோயில் பெயரும் வேலும் போட்ட மஞ்சள் டி-சட்டை. அதைப் போட்டுக்கொண்டு நம்ம பிள்ளைகள் ஆறு பேர். கையில் ஆளுக்கொரு பெரிய கிளாஸ். இடம், ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றைப் புதுப்பித்துத் திறந்திருக்கிற கிராஃப்ட் பீர் கடை. படத்துக்குக் கீழே ஒரு வரி: "கடமை முடிந்தது."

யார் யார் என்று இங்கே எழுத மாட்டோம். யாரும் கமெண்டில் கேட்கவும் வேண்டாம். எல்லாரும் நம்ம பிள்ளைகள்தான். தண்ணீர்மலையில் 513 படியிலும் மயங்கி உட்கார்ந்த வயசானவர்களைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டது அவர்கள்தான். பந்தலில் இரண்டு ராத்திரி கண் முழித்து மோர் கலக்கிக் கொடுத்ததும் அவர்கள்தான். அதை நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு அம்மா அர்ச்சனைச் சீட்டுக் கவுண்டருக்கு வந்தார். போனைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினார். "உங்களை நம்பித்தானே இவனைக் கோயிலுக்கு அனுப்பினேன்? அவங்க அப்பா மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதானே அனுப்பினேன்?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. எங்களில் ஒருத்தருக்கும் பதில் வரவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். நம்ம நாட்டில் பெரிய பீர் ஆலைகள் ஷா ஆலாமில் ஒன்றும் பெட்டாலிங் ஜெயாவில் ஒன்றுமாக இருக்கின்றன. ஒரே ருசியில் லட்சக்கணக்கில் டின் டின்னாக வெளியே வரும். கிராஃப்ட் பீர் அப்படி இல்லை. சின்ன அளவில் காய்ச்சுவது. பார்லி மால்ட், ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, ஈஸ்ட், தண்ணீர், இவ்வளவுதான் மூலப்பொருள். அதோடு பழம், மசாலா, காப்பி, குலா மலாக்கா என்று என்னென்னவோ சேர்க்கிறார்கள். கோலாலம்பூரில் இதற்கென்றே வருஷா வருஷம் விழா நடந்துகொண்டிருந்தது. 2017-இல் மாநகர் மன்றம் அனுமதி மறுத்து, அது பெரிய அரசியலானது ஞாபகம் இருக்கும். நம்ம பினாங்கிலும் சூலியா தெரு, லவ் லேன் பக்கம் ராத்திரி போய்ப் பார்த்தால் தெரியும், எத்தனை கடை, எத்தனை கூட்டம் என்று.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கடையை மூடு, விழாவைத் தடை செய் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களோடு சேர்ந்து கொடி பிடிக்க எங்களுக்கு ஆசையும் இல்லை. வெள்ளைக்காரன் வந்து குடிக்கட்டும், சுற்றுப்பயணி குடிக்கட்டும், லைசென்ஸ் எடுத்தவர் வியாபாரம் பண்ணட்டும். ஒரு பொருளை அக்கறையாகச் செய்கிறவன் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. பாயான் இண்டஸ்ட்ரி ஏரியாவில் முப்பது வருஷமாகத் தரம் பார்த்தே பிழைக்கிற ஆட்கள் நாங்கள். எங்கள் வழக்கு கடைக்காரனோடு இல்லை. நம்மோடுதான்.

நம்ம ஆள் ஒருத்தர் சம்சு குடித்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் விழுந்து கிடந்தால் என்ன சொல்கிறோம்? குடிகாரன். தோட்டத்தில் தாத்தா கள்ளுக்கடைக்குப் போனால்? அவரும் குடிகாரர்தான். அதையே ஏர்கோன் போட்ட கடையில், மஞ்சள் விளக்குக்குக் கீழே, முப்பது ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்துக் குடித்தால் மட்டும் அதற்குப் பெயர் ரசனை. "அண்ணே, இது குடி இல்லண்ணே, டேஸ்டிங்" என்று ஒரு தம்பி எங்களிடமே சொன்னான். தம்பி, பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறிவிடுமா?

கணக்கே போட்டுக் காட்டுகிறோம். சாதாரண பீர் ஒரு டின் 320 மில்லி, 5 சதவீதம். அதில் சுத்த ஆல்கஹால் 16 மில்லி. இந்தக் கடைகளில் 7 சதவீதம் உள்ள பீர் சாதாரணம், அதற்கு மேலும் உண்டு. 500 மில்லி கிளாஸ் ஒன்றில் ஆல்கஹால் 35 மில்லி. அதாவது ஒரு கிளாஸ் குடித்தால் இரண்டு டின்னுக்கு மேல் குடித்த கணக்கு. "ரெண்டே ரெண்டு கிளாஸ்தான் குடிச்சேன்" என்றால் நாலு டின்னுக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. பழ வாசனையும் குளிர்ச்சியும் அதை நாக்குக்குத் தெரியவிடாது. ரத்தத்துக்குத் தெரியும்.

அங்கிருந்து பாயான் லெப்பாஸ் 15 கிலோமீட்டர் இருக்கும். எல்லாரும் கிராப் பிடித்தா வருகிறார்கள்? பாதிப் பேர் மோட்டார்தான். துன் லிம் சோங் இயூ எக்ஸ்பிரஸ்வேயில், கடல் காற்றில், ராத்திரி ஒரு மணிக்கு. 2020 அக்டோபர் 23 முதல் சட்டம் கடுமையாகிவிட்டது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 80 மில்லிகிராம் வரை என்று இருந்ததை 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். குடித்துவிட்டு ஓட்டி ஒரு உயிர் போனால் 10 வருஷத்திலிருந்து 15 வருஷம் வரை சிறை, அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 வரை. 21 வயது ஆகாதவருக்கு மது விற்கவே கூடாது என்பதும் 2017 டிசம்பரிலிருந்து சட்டம். நம்ம தொண்டர் பட்டியலில் 21 ஆகாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும். அண்ணன்மார் போகிற இடத்துக்குத்தான் தம்பிமாரும் போவார்கள்.

காசுக் கணக்கும் உண்டு. குறைந்தபட்ச சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட், மணிக்கு 8 ரிங்கிட் 72 காசு. ஒரு கிளாஸ் முப்பது ரிங்கிட் என்றால் ஏறக்குறைய மூன்றரை மணி நேர வேலை. லைனில் நின்று பாருங்கள், மூன்றரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று தெரியும். அம்மாவுக்கு மாசம் நூறு கொடுக்க யோசிக்கிறவன் ஒரு ராத்திரியில் நூறை விட்டுவிட்டு வருகிறான்.

இன்னொரு தம்பி கேட்டான். "அண்ணே, இதுல இந்தியா பேரே இருக்கே, ஐபிஏ, இந்தியா பேல் ஏல். நம்ம ஊர் சரக்குண்ணே." சிரிக்கத்தான் செய்தோம். ஆனால் விஷயம் என்ன? அது இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரத் துரைமார் குடிக்க இங்கிலாந்தில் காய்ச்சிக் கப்பலில் அனுப்பிய பீர். அதே வெள்ளைக்காரன் ஆட்சியில்தான் நம்ம பூட்டனும் பாட்டனும் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தார்கள், கரும்பு வெட்டவும் பால் மரம் சீவவும். துரைக்குப் பீர். நமக்குத் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. கொடுத்த கூலி சாயங்காலமே அந்தக் கடைக்குத் திரும்பிப் போகும்.

அதை நம்ம ஆட்கள் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் முன்நின்றார். கூலி உயர்வு கேட்டார்கள், மருத்துவம் கேட்டார்கள், பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள். அந்தப் பட்டியலிலேயே இன்னொரு கோரிக்கை, கள்ளுக்கடையை மூடு. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. சண்டை முடிந்து ஜப்பான்காரன் போன பிறகு, 1946, 47-இல், இங்கே பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற பீடோங்கில், ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் ஒரு படை கிளம்பியது. தோட்டம் தோட்டமாகப் போய்க் கள்ளுக்கடை வாசலில் நின்று மறித்தார்கள். போலீஸ் அடியும் வாங்கினார்கள். அந்தப் படைக்கு என்ன பெயர் தெரியுமா?

தொண்டர் படை.

நம்ம சட்டையின் முதுகில் போட்டிருக்கிறோமே "தொண்டர்" என்று, அதே சொல். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்து ஆட்கள் அந்தப் பெயரில் கள்ளுக்கடை வாசலை மறித்தார்கள். டிப்ளோமா முடித்த நாம் அதே பெயரை முதுகில் போட்டுக்கொண்டு பீர் கடைக்குள்ளே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறோம். இதுதான் எங்களுக்கு வலிக்கிறது.

இப்போது கமெண்டில் ஒருத்தர் கட்டாயம் கேட்பார்: "முனியாண்டிக்குச் சுருட்டும் பாட்டிலும் படைக்கிறீங்களே, அது மட்டும் சரியா?" நியாயமான கேள்விதான். ஒளிக்க ஒன்றும் இல்லை. நம்ம தாத்தா காலத்திலிருந்து காவல் தெய்வத்துக்கு அப்படிப் படைத்துத்தான் வந்திருக்கிறார்கள். இன்றைக்கும் படைக்கிறவர்கள் உண்டு, சைவப் படையலுக்கு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அதில் நாங்கள் தீர்ப்பு சொல்ல வரவில்லை. ஆனால் படைத்தது அவருக்கு. அவர் பெயரைச் சொல்லி நமக்கு நாமே லைசென்ஸ் எடுத்துக்கொள்ளலாமா? அவர் குதிரையில் போகிறவர், ஊரைக் காக்கிறவர். நாம் ஹோண்டாவில் போகிறவர்கள், அடுத்த நாள் காலை ஏழு மணி ஷிஃப்ட்டுக்குப் பஞ்ச் பண்ண வேண்டியவர்கள்.

"விரதம் முடிஞ்சிருச்சே, இனி என்ன?" என்பது அடுத்த கேள்வி. 48 நாள் கவுச்சி தொடாமல், தரையில் படுத்து, பச்சைத் தண்ணியில் குளித்து விரதம் இருந்தது எதற்கு? மனசையும் நாக்கையும் நம்ம கைக்குள் கொண்டுவரத்தானே? 49-ஆவது நாள் ராத்திரியே விட்டதை எல்லாம் சேர்த்துப் பிடிக்கிறதென்றால், அத்தனை நாளும் நாம் செய்தது விரதமா, நாள் எண்ணினதா?

இனி கஷ்டமான பகுதிக்கு வருகிறோம். இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. எழுதத்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இந்தப் பிள்ளைகள் இதை எங்கே கற்றுக்கொண்டார்கள்? ஜார்ஜ்டவுனிலா? இல்லை. நம்ம கோயில் பின்பக்கக் கார் நிறுத்துமிடத்தில். திருவிழா முடிந்து, தேர் உள்ளே போய், நடை சாத்திய பிறகு, பெரியவர்களான நாங்கள்தான் கார் பூட்டைத் திறந்து வைத்தோம். உள்ளே ஐஸ் பெட்டி. "ரொம்ப அலைச்சல், ஒண்ணு போட்டாத்தான் உடம்பு வலி போகும்." அப்போது இந்தப் பிள்ளைகளுக்குப் பத்து வயது, பன்னிரண்டு வயது. நாற்காலி அடுக்கிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நாங்கள் இருட்டில் மறைந்து குடித்தோம். அவர்கள் வெளிச்சத்தில் படம் போட்டுக் குடிக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அவர்களைக் கூண்டில் ஏற்றினால் பக்கத்தில் நாங்களும் நிற்க வேண்டும்.

அதனால் எந்தத் தம்பியையும் கூப்பிட்டு விசாரிக்கப் போவதில்லை. மன்னிப்புக் கடிதமும் கேட்கப் போவதில்லை. பதிலாக, அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் நாலு விஷயத்தை வைக்கப் போகிறோம். பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் ஒரே விதி.

ஒன்று. கோயில் பெயர் போட்ட சட்டையோடு மது விற்கிற எந்த இடத்துக்கும் போகக் கூடாது. சட்டையைக் கழற்றிவிட்டுப் போகிறவன் வயது வந்தவனாக இருந்தால் அது அவன் பாடு, அவன் வீட்டார் பாடு. சட்டை அம்மனுடையது.

இரண்டு. கோயில் வளாகத்துக்குள்ளே, கார் நிறுத்துமிடம் உட்பட, ஒரு டின் கூடத் திறக்கக் கூடாது. முதலில் பிடிபடுகிறவர் செயற்குழு ஆளாக இருந்தால் முதலில் வெளியே போவதும் அவர்தான்.

மூன்று. தண்ணீர்ப் பந்தலுக்கோ திருவிழாவுக்கோ மது வியாபாரப் பணம் ஒரு காசும் வேண்டாம். பந்தல் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

நாலு. திருவிழா முடிந்த ராத்திரி தொண்டர்கள் எல்லாருக்கும் மண்டபத்திலேயே சாப்பாடு. பிள்ளைகள் ஏன் வெளியே போகிறார்கள்? வேலை வாங்குகிற நாம் "போயிட்டு வாங்கடா" என்று அனுப்பிவிடுகிறோம். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. கூடி உட்கார்ந்து சிரித்துப் பேச ஓர் இடம் வேண்டும், அதைப் பீர் கடைக்காரன் கொடுக்கிறான். அதை நாம் கொடுப்போம். நல்ல சாப்பாடு, நல்ல பாட்டு, விடிய விடியப் பேச்சு. பெரியவர்கள் பரிமாற வேண்டும், பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்தச் செலவுக்கு உபயம் ஏற்க விரும்புகிற பக்தர்கள் கவுண்டரில் பெயர் கொடுக்கலாம்.

அந்த அம்மாவுக்கு இதுதான் எங்கள் பதில். அம்மா, உங்கள் பிள்ளையை எங்களை நம்பித்தான் அனுப்பினீர்கள். தவறியது அவன் மட்டும் இல்லை, முதலில் நாங்கள். மறுபடியும் அனுப்புங்கள். இந்த முறை நாங்கள் சரியாக இருக்கிறோமா என்று நீங்களே வந்து பாருங்கள்.

ஒத்துக்கொள்கிறவர்கள் பகிருங்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் செயற்குழுக் கூட்டத்துக்கு நேரில் வாருங்கள், காப்பி உண்டு, பேசுவோம்.

அம்மன் துணை. வேலும் மயிலும் துணை.

இப்படிக்கு,
கோயில் தொண்டர்கள், பாயான் லெப்பாஸ்