மரநோயிலிருந்து கொல்லிமலைக் காடுகளைக் காக்கக் கோரிக்கை மனு

அனுப்புநர்: மிளகு, காபி பயிரிடுவோர் சங்கத்தினர், கொல்லிமலை வட்டம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், நாமக்கல்.

நகல்: மாவட்ட வன அலுவலர், தோட்டக்கலைத் துணை இயக்குநர்.

பொருள்: மரங்களைத் தாக்கும் அயல் பூச்சிகளையும் பூஞ்சை நோயையும் தடுக்க நடவடிக்கை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் மிளகுக்கொடி ஏறும் முள்முருங்கையின் துளிர்களும் இலைக்காம்புகளும் முடிச்சு முடிச்சாக வீங்குகின்றன. முடிச்சைக் கீறினால் உள்ளே தனித்தனி அறைகளில் புழுக்கள். எறும்பை விடச் சிறிய குளவி ஒன்று இட்ட முட்டைகளிலிருந்து வந்தவை அவை. இலை உதிர்ந்து மரம் பட்டுப்போனால் கொடியும் சேர்ந்து போகிறது. 2004இல் அறிவியல் பெயர் பெற்ற இந்தப் பூச்சி ஓரிரு ஆண்டுகளிலேயே கேரளத்துக்கு வந்துவிட்டது. அடிவாரத்தில் வேம்பு வேறு நுனியிலிருந்து கருகுகிறது. தேயிலைக் கொசு எனப்படும் பூச்சி துளிரைக் குத்த, அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை நுழைகிறது. மழைக்காலம் முடியும்போது மரமே செத்ததுபோல் நிற்கும். ஆனால் கோடையில் பல மரங்கள் மறுபடி துளிர்க்கும். அது தெரியாமல் பலர் வெட்டி விறகாக்கிவிடுகிறார்கள்.

இதை யாரிடம் சொல்வது என்பதே எங்கள் பெரிய சங்கடம். ஒரு அலுவலகத்தில் இது பயிரல்ல என்றார்கள். இன்னொன்றில் இது பட்டா நிலம், காடல்ல என்றார்கள். பூச்சிக்குக் காப்புக்காட்டின் எல்லைக்கல் தெரியாது. எங்கள் தோட்டத்தில் பெருகுவது நாளை சோலைக்காட்டுக்குள் போகும். ஆகவே பட்டா, புறம்போக்கு, காடு என்று பிரிக்காமல், மரநோய்ப் புகார்களைப் பெற்று ஆய்வு செய்ய ஒரே பொறுப்பு அலுவலரை நியமிக்க வேண்டும். இதுவே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

மலைமேல் வரும் நாற்றுகளில் பெரும்பாலானவை அடிவாரத்திலுள்ள காரவள்ளி வழியாகவே லாரியில் ஏறுகின்றன. அங்குள்ள சோதனைச் சாவடியில் இலையையும் தண்டையும் வேரோடு வரும் மண்ணையும் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். நோய்ப் பகுதியை அறிவித்து, செடி கொடிகள் வெளியே போவதைத் தடுக்க 1919ஆம் ஆண்டின் வேளாண் பூச்சி, நோய்கள் சட்டமே அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதைப் பயன்படுத்தக் கேட்கிறோம். வேம்பு நோய் விதையிலும் பரவுவதால், அரசு நாற்றங்கால்களுக்கு நோயற்ற மரத்தின் விதையையே எடுக்க வேண்டும்.

மருந்து தெளித்துத் தீர்க்கும் யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. தேனீக்களும் ஓடைத் தண்ணீரும் கெடும். 2020இல் இதே மாவட்டத்து மரவள்ளியை மாவுப்பூச்சி அழித்தபோது, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து 2022இல் வயல்களில் விட்டார்கள். முள்முருங்கைக் குளவிக்கும் ஹவாய்த் தீவுகளில் 2008இல் அப்படியோர் இயற்கை எதிரியை விட்டிருக்கிறார்கள். இங்கும் அது பொருந்துமா, வேறு பூச்சிகளுக்குக் கேடு வருமா என்பதைக் கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவன அறிஞர்களைக் கொண்டு ஆராயப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். அதுவரை, காய்ந்த வேம்பை வெட்ட அனுமதி கேட்டு வந்தால் ஒரு கோடை கழியும்வரை நிறுத்திவைக்கவும்.

பருவமழைக்கு முன் கூட்டு ஆய்வுக்கு நாள் குறித்துத் தெரிவித்தால், பாதித்த மரங்களை நேரில் காட்ட எங்கள் உறுப்பினர்கள் உடன் வருவார்கள்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்