பன்னிரண்டு பம்ப்புக்கு ஒரு திரை போதும்

(மூன்றாம் ஆண்டு, இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவு)

புராஜெக்ட் வைவா முடிந்து வெளியே வந்ததும் நாம் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி என்ன? "நீ எத்தனை ஸ்க்ரீன்டா பண்ணின?" நாற்பது என்று சொல்பவனுக்குத்தான் மவுசு. அந்த நாற்பதில் முப்பத்தைந்து, ஒரே ஸ்க்ரீனைக் காப்பி அடித்து டேக் பெயரை மட்டும் மாற்றியவை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இதை உழைப்பு என்று நாம் பெருமைப்படுகிறோம். இது ஆபத்தான பழக்கம் என்பது என் கட்சி.

12 பம்ப் உள்ள ஒரு நீரேற்று நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பம்ப்பைத் தொட்டால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கிறது. அதில் ஸ்டார்ட், ஸ்டாப், ட்ரிப் ரீசெட், ஆட்டோ-மேனுவல், ஆம்பியர், ஓடிய மணி நேரம் என்று 15 டேக் இருந்தால், காப்பி அடிக்கும் முறையில் மொத்தம் 180 இடம். ராத்திரி பதினோரு மணிக்குக் கண் எரிய எரிய மாற்றும்போது ஏழாம் பம்ப்பின் ஸ்டாப் பட்டனில் மட்டும் ஆறாம் பம்ப்பின் டேக் தங்கிவிட்டால் என்ன ஆகும்? தலைப்பில் 'பம்ப் 7' என்று இருக்கும். ஆப்பரேட்டர் நம்பி அமுக்குவார். ஓடிக்கொண்டிருந்த ஆறு நின்றுவிடும், நிற்க வேண்டிய ஏழு ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்க்ரீன் பொய் சொல்லிவிட்டது!

இதற்கு வழி புதிதல்ல. ராக்வெல்லின் பழைய ஆர்எஸ்வியூ32-லும், அதன் பின் வந்த ஃபேக்டரிடாக் வியூவிலும் பாராமீட்டர் ஃபைல் என்று ஒன்று உண்டு. ஜன்னலை ஒரே ஒருமுறை வரைய வேண்டும். டேக் பெயர் வரும் இடத்தில் '#1' என்று எழுதிவிட வேண்டும். எந்த பம்ப்பைத் தொடுகிறோமோ அதற்குரிய பாராமீட்டர் ஃபைல் அந்த '#1'-க்குள் போய் உட்காரும். அந்த ஃபைலில் இருப்பது ஒரு வரிதான். சீமென்ஸ் வின்சிசியில் பிக்சர் விண்டோவுக்கு 'டேக் பிரிஃபிக்ஸ்' கொடுத்தும் இதையே செய்யலாம். பெயர் வேறு, சரக்கு ஒன்று.

ஆனால் இது ஸ்க்ரீன் வரைபவர் மட்டும் நினைத்தால் நடக்காது. பிஎல்சியில் 12 பம்ப்புக்கும் ஒரே மாதிரி கட்டமைப்பு இருக்க வேண்டும், அதாவது யூசர் டிஃபைன்ட் டேட்டா டைப். ஒரு பம்ப்பின் டேக் 'பம்ப்_01', இன்னொன்று 'புது மோட்டார்', மூன்றாவது 'டெஸ்ட்2' என்று ஆளுக்கொரு பெயர் வைத்தால் பாராமீட்டர் என்ன செய்யும், பாவம்! பிஎல்சி எழுதுபவரும் ஸ்க்ரீன் வரைபவரும் முதல் நாளே உட்கார்ந்து பேச வேண்டும். நம் புராஜெக்ட் குழுக்களில் நடக்காதது இதுதான்.

"ஒரு தப்பு விழுந்தால் பன்னிரண்டிலும் விழுமே?" என்று என் நண்பன் கேட்டான். விழட்டும். பன்னிரண்டிலும் இருக்கும் தப்பு முதல் சோதனையிலேயே பல்லைக் காட்டும். ஏழாவதில் மட்டும் ஒளிந்திருக்கும் தப்பு, ஏழு ட்ரிப் ஆகும் நாள் வரை வெளியே வராது. இன்னொரு குறை நிஜமானது. மெயின்டனன்ஸ் ஆள் ஒரு டேக்கை ஸ்க்ரீன்களில் தேடினால் கிடைக்காது, அங்கே '#1' தானே இருக்கிறது! எந்த பம்ப்புக்கு எந்த ஃபைல் என்ற பட்டியலை அச்சடித்து பேனல் கதவில் வைத்துவிட்டு வராதவனை அவர் திட்டினால் நியாயமே. அதேபோல, 12-ல் இரண்டு பம்ப்புக்கு மட்டும் விஎஃப்டி இருந்தால் அதையும் அதே ஜன்னலில் திணித்து, இதை மறை அதைக் காட்டு என்று முடிச்சுப் போட வேண்டாம். விஎஃப்டிக்கு இரண்டாவது ஜன்னல் வரைவதே மேல்.

நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் நாம் எதன் முன்னால் நிற்கிறோம் என்பது மறந்துபோகும். 2004 ஏப்ரல் 23 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், இல்லியோபோலிஸ் என்ற ஊரிலிருந்த ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் பிவிசி ஆலையில் வெடி விபத்து நடந்தது. அங்கே மொத்தம் 24 ரியாக்டர்கள், நந்நான்காக ஒரே மாதிரி வரிசை. ஒரு ரியாக்டரைக் கழுவிக்கொண்டிருந்த ஆப்பரேட்டர் கீழ்த்தளத்துக்கு இறங்கி, தவறான பக்கம் திரும்பி, அழுத்தத்தில் இருந்த வேறொரு ரியாக்டரிடம் போய்விட்டதாக விசாரணை சொல்கிறது. வால்வு திறக்கவில்லை. இன்டர்லாக்கைத் தாண்டித் திறந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். இது ஸ்க்ரீனால் வந்த விபத்து இல்லைதான். ஆனால் நம் ஒரே மாதிரியான ஜன்னல்களும் அந்த ரியாக்டர் வரிசை போலத்தானே?

ஆகவே 'பம்ப் 7' என்ற தலைப்பைக் கையால் டைப் அடிக்கக் கூடாது. இரண்டாவது பாராமீட்டராகத் தனியே அனுப்பவும் கூடாது, அதிலும் பொய் நுழையலாம். ஸ்டாப் பட்டன் எந்தக் கட்டமைப்புக்கு எழுதுகிறதோ, அதே கட்டமைப்புக்குள் இருக்கும் ஸ்ட்ரிங்கிலிருந்து பெயர் வர வேண்டும். அதுவும் ஜன்னலில் மிகப் பெரிய எழுத்தாக!

'டெம்ப்ளேட் ஆச்சே, ஒண்ணைப் பார்த்தா போதும்' என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. வரைவதுதான் ஒருமுறை. ஒருவர் ஸ்க்ரீனிலும் ஒருவர் மோட்டார் பக்கத்திலும் வாக்கி-டாக்கியோடு நின்று, 12 பம்ப்பையும் தனித்தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். வரைவதில் மிச்சமாகும் நேரத்தை இதற்குக் கொடுக்கலாம். (மோட்டாரில் கை வைப்பவர் பிரேக்கரை ஆஃப் செய்து பூட்டு போட்டே ஆக வேண்டும், அதில் எந்த மாற்றமும் இல்லை.)

நம் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு லேப்பில் ஸ்க்ரீன் எண்ணிக்கைக்கு மதிப்பெண் வேண்டாம். பதின்மூன்றாவதாக ஒரு பம்ப்பைச் சேர்க்கச் சொல்லி, கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று பாருங்கள்.